‘லைன்’ என்ற ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

திருமங்கலத்திலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஆங்கில அகராதியில் ‘லைன்’ என்ற பெயர்ச்சொல்லைத் தேடினால் பக்கம் பக்கமாகப் பொருள் வருகிறது, இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது? பயிற்சித் தாளில் தன்னைக் குழப்பிய மூன்று வாக்கியங்களையும் கூடவே எழுதியிருக்கிறார். ‘ஹிஸ் ஜாப் இஸ் ஆன் தி லைன்’, ‘ஷி கம்ஸ் ஃப்ரம் எ லாங் லைன் ஆஃப் டீச்சர்ஸ்’, ‘தட் ரிமார்க் வாஸ் அவுட் ஆஃப் லைன்’. முதல் வாக்கியத்துக்கு ‘அவருக்கு ஆன்லைனில் வேலை’ என்று விடை எழுதினாராம்.

மனப்பாடமே வேண்டாம் தம்பி. தனித்தனியாகப் படித்தால் நாலு நாளில் மறந்துவிடும். இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் புதிதாக ஒரு வாக்கியம் வந்தாலும் தடுமாற மாட்டீர்கள். தவிர, மதுரைப் பக்கம் வளர்ந்த யாருக்கும் இந்தச் சொல்லில் பாதி ஏற்கெனவே தெரியும். போடி லைன், ரிசர்வ் லைன், லைன் வீடு, லைன்மேன் என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். நம் புழக்கம் எங்கே ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

தொடக்கம் ஒரு நூல். லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச் செடி. நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று விற்கிறார்களே, அதே செடிதான். ஐரோப்பாவில் அதன் தண்டை ஊறவைத்து, நார் எடுத்து, நூலாகத் திரித்தார்கள். அந்த நூலுக்குப் பெயர் ‘லீனியா’. அதிலிருந்துதான் ‘லைன்’ வந்தது. லினன் துணி, லின்சீட் எண்ணெய் எல்லாம் அந்தச் செடியின் குடும்பம். சட்டைக்கும் கோட்டுக்கும் உள்ளே கொடுக்கும் லைனிங்கும் அதுதான். முன்பு உள்பக்கத்துக்கு லினன் துணியை வைத்துத் தைத்தார்கள், பெயர் நின்றுவிட்டது.

இழுத்துக் கட்டிய ஒரு நூல் என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்க, வீடு கட்டும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். கொத்தனார் சுவரின் இரண்டு மூலையிலும் முதலில் சில கல்லை வைத்து மட்டம் பார்த்துக்கொள்வார். அப்புறம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நூலை இழுத்துக் கட்டுவார். தொய்வு இருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்த்து, இருந்தால் மறுபடி இறுக்குவார். நடுவில் வைக்கும் ஒவ்வொரு செங்கல்லின் மேல் விளிம்பும் நூலுக்கு நேராக வர வேண்டும், ஆனால் நூலைத் தொடக்கூடாது. ஒரு கல் தொட்டுத் தள்ளினால் நூல் வெளியே போகும், அடுத்தடுத்த கல் எல்லாம் கோணும். அந்த நூலுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘லைன்’ என்றுதான் பெயர். தூக்குக்குண்டு கட்டிய கயிறு ‘பிளம் லைன்’.

அந்த ஒரு நூல் நேராக இருக்கிறது. இரண்டு முனைகளைச் சேர்க்கிறது. கற்களை அடுத்தடுத்து நிறுத்துகிறது. சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது. அகராதியில் வரும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த நான்கு வேலைகளில் ஒன்றிலிருந்து கிளைத்தவை. ஒரு வாக்கியத்தில் ‘லைன்’ வந்தால், ‘இங்கே நூல் என்ன வேலை செய்கிறது?’ என்று கேளுங்கள்.

தமிழுக்கு இது அந்நியமான வழி இல்லை. ‘நூல் பிடித்த மாதிரி தெரு நேராகப் போகுது’ என்கிறோம். ஆசாரி ‘ரெண்டு நூல் குறை’ என்றால் கால் அங்குலம் குறைக்கச் சொல்கிறார், ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. படிக்கிற புத்தகமும் நூல்தான். பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்குக் காரணமே சொல்லியிருக்கிறார். பஞ்சிலிருந்து நூல் நூற்பதுபோலப் புலவன் சொல்லிலிருந்து நூலை ஆக்குகிறான் என்று ஒரு வெண்பா. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனக் கோணலைத் தீர்ப்பது நூல் என்று அடுத்த வெண்பா. ஐரோப்பாவில் ஆளி நாரில் நடந்தது இங்கே பருத்தியில் நடந்திருக்கிறது. மில் நகரமான மதுரைக்குப் பஞ்சும் நூலும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அளவுக் கணக்கும் இரண்டு மொழியிலும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு ‘லைன்’ என்று பெயர். பட்டன் வியாபாரத்தில் வேறொரு லைன் இன்றும் உயிரோடு இருக்கிறது, அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. பட்டன் அட்டையில் 18எல், 24எல் என்று போட்டிருந்தால் அந்த ‘எல்’ இதுதான். 24 லைன் பட்டனின் குறுக்களவு 15 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளின் பக்கம் போனால் பட்டன் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி இந்தச் சொல் மிகவும் தழைத்த இடம், ரயில்வே.

‘ரயில்வே லைன்’ என்றால் தண்டவாளம் என்றுதான் நாம் நினைக்கிறோம். தண்டவாளம் ‘டிராக்’. ‘லைன்’ என்பது ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் சேர்க்கும் பாதை. போடி லைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறந்த இந்த லைனை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் மூடினார்கள். 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையும் ரயில் திரும்ப வந்தது. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்ட காலத்திலும் உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் ‘போடி லைன் எப்ப வரும்?’ என்றுதானே கேட்டோம். இரும்பு இல்லாதபோதும் லைன் இருந்தது. கப்பல் கம்பெனி ‘ஷிப்பிங் லைன்’ ஆனதும், விமான நிறுவனம் ‘ஏர்லைன்’ ஆனதும் இந்தப் பொருளில்தான். கடலிலும் வானத்திலும் தண்டவாளம் ஏது? குறிப்பிட்ட ஊர்களுக்கு நடுவே தவறாமல் போய்வரும் தடம் உண்டு, அதுவே லைன். அப்படித் தடம் மாறாமல் ஓடும் கப்பல் ‘லைனர்’.

மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும்போது ‘இந்த வண்டி கார்டு லைன்ல போகுதா, மெயின் லைன்ல போகுதா?’ என்று விசாரிப்போம். இந்தக் கார்டு சீட்டுக் கார்டு இல்லை, கணக்குப் பாடத்தில் வரும் நாண். திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று வளைந்து போவது மெயின் லைன். அந்த வளைவின் இரண்டு முனைகளையும் அரியலூர், விருத்தாசலம் வழியாகக் குறுக்கே சேர்ப்பது கார்டு லைன். வட்டத்தின் வில்லையும் நாணையும் மனத்தில் வைத்து வரைபடத்தைப் பாருங்கள், பெயர் வைத்தவர் கண்ணால் பார்ப்பீர்கள்.

அப்புறம் ‘லைன் கிளியர்’. ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதனால் வண்டியை அனுப்பும் நிலையம் அடுத்த நிலையத்தைக் கேட்கும். அங்கிருந்து வரும் அனுமதிதான் லைன் கிளியர். பழைய முறையில் அனுமதி கிடைத்ததும் இயந்திரத்திலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளியே வரும். அதை ஒரு பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். அந்தப் பந்து அடுத்த நிலையத்தின் இயந்திரத்துக்குள் போகும்வரை இன்னொன்று வெளியே வராது.

இதே இரண்டு சொல்லை மின்வாரியத்தில் வேறு பொருளில் சொல்கிறார்கள். கம்பத்தில் ஏறும் முன் ‘எல்.சி. வாங்கியாச்சா?’ என்று கேட்பது லைன் கிளியர் வாங்கியாச்சா என்பதுதான். ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் வண்டி ஓடலாம். மின்வாரியத்தில் லைன் கிளியர் என்றால் அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது, வேலை செய்யலாம். பேச்சில் ‘ரூட்டு லைன் கிளியர்’ என்கிறோமே, அது ரயில்வேயிலிருந்து வந்தது. வெளிநாட்டுக்காரரிடம் அப்படிச் சொன்னால் விளங்காது, அவருக்கு ‘ஆல் கிளியர்’ அல்லது ‘தி கோஸ்ட் இஸ் கிளியர்’.

மின்சாரத்தில் ‘லைன்’ இரண்டு அளவில் புழங்குகிறது. கம்பம் கம்பமாக ஓடும் பாதை முழுவதும் லைன், அதைப் பார்த்துக்கொள்பவர் லைன்மேன். வீட்டுக்குள் வந்ததும் லைன் என்பது ஒரே ஒரு கம்பி. மூன்று முனை பிளக் பாயின்டில் எல், என் என்று எழுதியிருக்கும். எல் என்பது லைன், என் என்பது நியூட்ரல். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலதுபக்கத் துளை லைன். டெஸ்டர் அங்கேதான் எரிய வேண்டும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். மோட்டார் ஓட்டும் த்ரீ பேஸ் இணைப்பில் ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் நடுவே ஏறக்குறைய 400 வோல்ட், அதாவது 230-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது. இந்த 400-க்குத்தான் ‘லைன் வோல்டேஜ்’ என்று பெயர். ஆனால் ‘லைன் போயிருச்சு’ என்பதை அப்படியே ‘தி லைன் இஸ் கான்’ என்று ஆங்கிலமாக்க வேண்டாம். அங்கே போவது பவர். ‘தி பவர் இஸ் அவுட்’ அல்லது ‘தேர் இஸ் எ பவர் கட்’.

தொலைபேசியில் நம் பேச்சும் ஆங்கிலமும் அழகாக ஒத்துப்போகின்றன. ‘லைன்ல இருங்க’ என்பது ‘ஹோல்ட் தி லைன்’. ‘லைன் கிடைக்கலை’, ‘லைன் பிஸி’ எல்லாம் இரண்டு பேரைச் சேர்க்கும் கம்பியிலிருந்து வந்தவை. கம்பி போய் செல்போன் வந்த பிறகும் சொல் மாறவில்லை. கணினி இணைப்பில் இருந்தால் ‘ஆன்லைன்’, துண்டித்தால் ‘ஆஃப்லைன்’.

இங்கேதான் உங்கள் முதல் வாக்கியம் சறுக்கிவிட்டது. இணையத்தைக் குறிக்கும் ‘ஆன்லைன்’ ஒரே சொல், நடுவில் எதுவும் வராது. ‘ஆன் தி லைன்’ என்று நடுவில் ‘தி’ வந்தால் வேறு கதை. தொலைபேசிப் பேச்சாக இருந்தால் மறுமுனையில் ஆள் இருக்கிறார். வேலை, பதவி, மானம், உயிர் இவற்றைச் சொல்லி ‘ஆன் தி லைன்’ என்று வந்தால் அது பணயத்தில் இருக்கிறது, பறிபோகலாம். ‘ஹிஸ் ஜாப் இஸ் ஆன் தி லைன்’ என்றால் அவர் வேலைக்கே ஆபத்து. நம் பேச்சில் ‘அவர் வேலை ஊசலாடுது’.

வரிசை என்ற பொருள் எளிது. மீனாட்சியம்மன் கோயிலில் தரிசனத்துக்கு நிற்பதை பிரிட்டனில் ‘க்யூ’ என்பார்கள், அமெரிக்காவில் ‘லைன்’ என்பார்கள், நாம் இரண்டையும் சொல்கிறோம். ‘ஸ்டாண்ட் இன் லைன்’ என்பது பொது வழக்கு. நியூயார்க்காரர்கள் ‘ஸ்டாண்ட் ஆன் லைன்’ என்பார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஆனால் வரிசை வீடு ஆன கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் படை முகாம்களில் வீரர்களின் குடிசைகளும் கூடாரங்களும் நேர்வரிசையாக நிற்கும், அவற்றுக்கு ‘லைன்ஸ்’ என்று பெயர். வடக்கே பல நகரங்களில் இருக்கும் ‘சிவில் லைன்ஸ்’ அந்த வழக்கில் வந்தது. மதுரையில் நத்தம் சாலைப் பக்கம் ஆயுதப்படைக் காவலர்கள் இருக்கும் ரிசர்வ் லைனும் அப்படியே. பஸ்ஸில் ‘ரிசர்வ் லைன் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கிறவருக்கு அது வெறும் நிறுத்தத்தின் பெயர், உள்ளே இருப்பது படைமுகாமின் சொல்.

அதே சொல் மலையேறியது. மூணாறு, பீர்மேடு, வால்பாறை எஸ்டேட்டுகளிலும், கடல் தாண்டி இலங்கை மலையகத்திலும் தொழிலாளர்களை நெருக்கி வைத்த வரிசைக் குடியிருப்புக்கு ‘லைன்ஸ்’ என்று துரைமார் பெயர் வைத்தார்கள். நம் ஜனங்கள் வாயில் அது ‘லயம்’, ‘லயன்’ ஆயிற்று. ஒட்டு ஒட்டாகச் சிறு அறைகள், இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர், முன்னால் ஒடுங்கிய திண்ணை, ஓர் அறையில் அழும் குழந்தைக்கு அடுத்த அறையில் தூக்கம் கலையும். மதுரை, தேனி, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தச் சுவர்களுக்குள்தான் பிறந்தார்கள். ஆலயம், லயம் என்று ஒலி ஒத்திருப்பதால் இதைப் பழைய வடமொழிச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, இது ‘லைன்’தான். இந்தச் சொல் சுமந்துவந்த வாழ்க்கையை அகராதி சொல்லாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நகரத்தில் ஒரே வாசலுக்குள் எதிரெதிராக நாலைந்து குடித்தனம் இருக்கும் இடத்தையும் லைன் வீடு என்கிறோம். மதுரைக்காரர்கள் வளவு என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘லைன் ஹவுஸ்’ என்று எழுதினால் தோட்டத் தொழிலாளர் வரலாறு தெரிந்தவருக்குத்தான் புரியும். மற்றவருக்கு ‘எ ரோ ஆஃப் ஸ்மால் ரென்டட் ஹவுசஸ்’ என்று விரித்து எழுதுங்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். செங்கல் அடுத்தடுத்து நிற்பதுபோல் மனிதர்களும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வந்தால் அதுவும் லைன். ‘எ லாங் லைன் ஆஃப் டீச்சர்ஸ்’ என்றால் அந்தப் பெண்ணின் பாட்டி, அம்மா என்று வழிவழியாக ஆசிரியர்கள். ஆசிரியர்கள் நீளமாக வரிசையில் நிற்கவில்லை. 1529 முதல் 1736 வரை மதுரையை ஆண்ட நாயக்கர்களை ‘தி நாயக் லைன்’ என்று எழுதலாம். தமிழில் இதற்குக் ‘கொடிவழி’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. துணி காயப்போடுவதும் கொடி, தொப்புளில் இருந்து வருவதும் கொடி, பரம்பரையும் கொடி. ஆங்கிலத்திலும் துணிக்கொடி ‘லைன்’, பரம்பரை ‘லைன்’. இந்த ஒரு ஜோடியை நினைவில் வைத்தால் இந்தப் பொருள் மறக்கவே மறக்காது.

எழுத்து சம்பந்தமான பொருள்கள் நிறைய, ஆனால் கடினமில்லை. ஏட்டில் ஓடும் வரி லைன். ‘டிராப் மீ எ லைன்’ என்றால் இரண்டு வரி எழுதிப் போடு. ‘பாட்டம் லைன்’ என்பது வரவுசெலவுக் கணக்கின் கடைசி வரி. லாபமா நஷ்டமா என்பது அங்கேதான் தெரியும், அதனால் ‘முடிவாக என்ன?’ என்ற பொருளும் வந்தது. நாடகத்தில் நடிகர் பேச வேண்டிய வசனம் ‘லைன்ஸ்’. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த மதுரை நாடகக்காரர்கள் ‘பாடம்’ என்று சொல்வது இதைத்தான். நாம் சினிமா வசனத்தை ‘டயலாக்’ என்கிறோம், ஆங்கிலத்தில் டயலாக் என்பது இருவர் உரையாடல் முழுவதும், ஒருவர் பேசும் ஒரு வசனம் லைன். ‘பஞ்ச் டயலாக்’ என்பது நம்முடைய ஆக்கம். ஆங்கிலத்தின் ‘பஞ்ச் லைன்’ ஒரு நகைச்சுவையின் கடைசி வரி, சிரிப்பு வெடிக்கும் இடம். கதாநாயகன் விரலை ஆட்டிச் சொல்லும் வசனத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பத்திரிகையில் ஹெட்லைன் தலைப்பு, பைலைன் எழுதியவர் பெயர், டேட்லைன் செய்தியின் தொடக்கத்தில் வரும் ஊரும் தேதியும். 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி உட்பட நம் நாளிதழ்களில் ‘மதுரை, நவ.’ என்று தொடங்குகிறதே, அது டேட்லைன். பசிபிக் கடலில் ஏறக்குறைய 180 பாகையில் ஓடும் சர்வதேசத் தேதிக்கோடு வேறு, அதற்கு ‘இன்டர்நேஷனல் டேட் லைன்’ என்று முழுப்பெயர். ‘டெட்லைன்’ என்ற சொல் மட்டும் சிறைக்குள்ளிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் கைதி முகாமில் மதிலுக்கு உள்ளே ஒரு தாழ்ந்த வேலி இருந்தது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். அதற்கு ‘டெட் லைன்’ என்று பெயர். பிற்பாடு பத்திரிகை அலுவலகங்களில் கெடுநேரத்துக்கு இந்தப் பெயர் புழங்கியது. கெடு என்று நாம் சொல்வதிலும் அந்தக் கடுமை இருக்கத்தான் செய்கிறது.

எல்லை என்ற பொருளுக்குத் தேர்வில் எப்போதும் கேள்வி வரும். 1893-இன் டூரண்ட் லைன், 1914-இன் மக்மகோன் லைன், 1947-இன் ராட்கிளிஃப் லைன், 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் வந்த கட்டுப்பாட்டுக் கோடு. இவற்றை ஏன் ‘பார்டர்’ என்று பெயரிடாமல் ‘லைன்’ என்றார்கள்? ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டதைச் சொல்கிறது ‘லைன்’. மண்ணில் போய் நின்றால் அது பார்டர்.

எல்லைக்கோட்டின் நுணுக்கம் கபடிக் களத்தில் நன்றாக விளங்கும். நம் ஊர்ப் பொட்டல்களில் சுண்ணாம்புத் தூளில் போடும் கோடுகளுக்குச் சட்டப்படி பெயர் உண்டு. நடுக்கோடு ‘மிட் லைன்’. ஆண்கள் ஆட்டத்தில் அதிலிருந்து 3.75 மீட்டரில் ‘பாக் லைன்’, அதற்கு ஒரு மீட்டர் தள்ளி ‘போனஸ் லைன்’. பாடிப் போனவர் பாக் லைனைத் தாண்டாமலும் யாரையும் தொடாமலும் திரும்பினால் அவுட். அங்கே கோட்டைத் தாண்டுவது கடமை. பேச்சு ஆங்கிலத்திலோ ‘யூ கிராஸ்டு தி லைன்’ என்றால் நீங்கள் அத்துமீறிவிட்டீர்கள். ஆனால் ‘வி காட் இட் ஓவர் தி லைன்’ என்றால் முடித்துக் காட்டிவிட்டோம், ஓட்டப்பந்தயத்தின் முடிவுக்கோடு அது. ஆக, எந்தக் கோடு என்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘டிரா தி லைன்’ இதற்கு மேல் முடியாது என்று நிறுத்துவது. ‘டோ தி லைன்’ கோட்டில் கால்விரலை வைத்து நிற்பது, அதாவது மேலிடம் சொன்னபடி நடப்பது. கட்சிச் செய்திகளில் அடிக்கடி வரும். இதில் ‘டோ’ கால்விரல், வண்டியை இழுக்கும் ‘டோ’ அல்ல. எழுதும்போது எழுத்து மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழில் என்ற பொருளில் நாம் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறோம். ‘நீங்க எந்த லைன்ல இருக்கீங்க?’ என்பது ‘வாட் லைன் ஆஃப் வொர்க் ஆர் யூ இன்?’ தான். கடை கடையாகச் சரக்குப் போடும் அப்பள வியாபாரி, முறுக்கு வியாபாரி ‘இன்னைக்கு மேலூர் லைன்’ என்பதும், வட்டிக்கு விட்டவர் ‘லைனுக்குப் போயிருக்கார்’ என்பதும் நம் புழக்கம். ஆங்கிலத்தில் இதற்கு ‘ரூட்’ அல்லது ‘ரவுண்ட்’. ‘லைன் அடிக்கிறான்’ அறவே நம்முடையது. ஆங்கிலத்தில் ‘பிக்கப் லைன்’ என்று ஒன்று உண்டு, பழக்கம் பிடிக்கப் பேசும் அந்த முதல் வசனம் மட்டும். அந்தச் செயலுக்குப் பெயர் ‘ஃப்ளர்ட்டிங்’. நாம் ‘நூல் விட்டுப் பார்க்கிறான்’ என்றும் சொல்கிறோம், அது எனக்குப் பிடித்த வழக்கு.

கடைசியாக மூன்றாவது வாக்கியம். ‘அவுட் ஆஃப் லைன்’ என்பதை வரிசையிலிருந்து விலகியது என்று நீங்கள் எடுத்தது அணிவகுப்புக்குச் சரி. ஒருவர் பேசிய பேச்சையோ நடந்துகொண்ட விதத்தையோ சொன்னால் அது ‘வரம்பு மீறியது’. நமக்கு வயல் வரம்பு, அவர்களுக்கு அணிக்கோடு. ‘தட் ரிமார்க் வாஸ் அவுட் ஆஃப் லைன்’ என்றால் அந்தப் பேச்சு மரியாதை தாண்டியது. இது நேரில் பேசும் ஆங்கிலம். புகார்க் கடிதமோ அலுவலகக் கடிதமோ எழுதும்போது அந்த இடத்தில் ‘இன்அப்ரோப்ரியேட்’ போடுங்கள். பின்னால் ‘வித்’ சேர்ந்தால் கண்டிப்பு போய்விடும். ‘அவுட் ஆஃப் லைன் வித் மார்க்கெட் ரேட்ஸ்’ என்றால் சந்தை விலையோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ‘இன் லைன் வித்’ அதன் எதிர்ப்பக்கம், ‘ஏற்ப’, ‘இணங்க’ என்று அரசாணைகளில் வருவது. தாளில் இந்த ‘வித்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடையைத் தேர்ந்தெடுங்கள் தம்பி.